அப்பா துடைத்த வரிசை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இரண்டு பேரும் உடம்பைப் பொறுத்தவரை சௌக்கியம். அங்கே நீயும் வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்கிச் சௌக்கியமாக இருப்பாய் என்று நம்பித்தான் ஆரம்பிக்கிறேன். உடம்பைப் பொறுத்தவரை என்று எழுதியதை நீ கவனித்திருப்பாய், கவனிக்கட்டும் என்றுதான் எழுதினேன். இந்த ஒரு மாதமாக நீ போன் செய்கிறபோதெல்லாம் அப்பா வந்து பேசவில்லை. ஒரு தடவை குளிக்கிறார் என்றேன், ஒரு தடவை தூங்குகிறார் என்றேன், போன வாரம் கடைக்குப் போயிருக்கிறார் என்றேன். அவர் எங்கேயும் போகவில்லை. எனக்கு எதிரே சோபாவில் செய்தித்தாளை முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்துக்கொண்டு, நான் சொல்கிற பொய்யை ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். நீ நம்பவில்லை என்று உன் குரலிலேயே தெரிந்தது. அப்பா என் மேல கோவமா இருக்காரா என்று கேட்டாய், நான் அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் பாலும் இல்லை. நாள் முழுக்கப் பாலோடு மல்லுக்கட்டிவிட்டு வருகிறவள் வீட்டிலும் அதைத்தான் சாக்காகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

போனிலேயே விஷயத்தைச் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ சரிம்மா, சரிம்மா என்று சொல்லி, நான் பாதி வாக்கியத்தில் இருக்கும்போதே முடித்துவிடுகிறாய். கடிதத்தில் அந்த வசதி உனக்கு இல்லை. நீயும் மாப்பிள்ளையும் பிரிந்து இருப்பது என்று முடிவு செய்ததைப் பற்றி நான் இதில் ஒன்றும் எழுதப் போவதில்லை. யார் பக்கம் நியாயம் என்று சொல்ல நான் அந்த வீட்டுக்குள் இருந்து பார்த்தவள் இல்லை. ஒற்றை அறையில் தனியாக இருக்கிறாய், இரண்டு ஷிஃப்ட் பார்க்கிறாய், கொஞ்ச காலம் யாரும் தலையிட வேண்டாம் என்றாய், நான் சும்மா இருந்தேன். அப்பாவால் முடியவில்லை. உன்னிடம் சொல்லாமல் மாப்பிள்ளையின் அண்ணனைக் கூப்பிட்டுப் பேசினார். நல்லது செய்கிறோம் என்று நினைத்துத்தான் பேசினார், அந்த அண்ணன் தம்பியிடம் போய் ஒன்றுக்கு இரண்டாகச் சொல்ல, மாப்பிள்ளை நீ வேலை பார்க்கிற இடத்துக்கே வந்து கத்த, ஆறிக்கொண்டிருந்த புண்ணைக் கிளறியதுபோல் ஆயிற்று. நீ அன்றைக்கே போன் செய்து, அப்பா, என் வாழ்க்கைல இனிமே நீங்க கை வைக்காதீங்க என்றாய். நீ சொன்னதில் தப்பில்லை, உன் இடத்தில் நான் இருந்திருந்தால் இன்னும் மோசமாகவே சொல்லியிருப்பேன். ஆனால் நீ அதைச் சொன்ன வாரம் இங்கே என்ன நடந்துகொண்டிருந்தது என்று உனக்குத் தெரியாது. உன்னோடு பேச அவருக்கு மனமில்லை என்று நீ முடிவு கட்டிவிடுவாயோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. அப்படி முடிவு கட்டிவிட்டால் நீங்கள் இரண்டு பேரும் ஒரே அச்சு, வருஷக்கணக்கில் பேசாமல் இருந்துவிடுவீர்கள். அதனால் முழுவதையும் எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

அப்பா ரிடையர் ஆனபிறகு எப்படி இருந்தார் என்று நான் உன்னிடம் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிச் சமையலறைக்கு ஸ்டோர் கீப்பராக அத்தனை வருஷம் இருந்த மனிதர். வெங்காய மூட்டை, மாவு மூட்டை, உருளைக்கிழங்கு, எண்ணெய் டின் எது வந்தாலும் பழையது முன்னால், புதியது பின்னால். தன் ஸ்டோரில் ஒரு கிழங்கு அழுகிற்று என்றால் அன்றைக்கு வீட்டில் சாப்பாடு இறங்காது. வீட்டிலும் அதே சட்டம்தான், உனக்கே தெரியும். பழம் வாங்கினால் கறுக்கப் போகிறதைத்தான் முதலில் சாப்பிட வேண்டும், அதைச் சாப்பிட்டு முடிப்பதற்குள் மற்றதும் கறுத்துவிடும், ஆக நம் வீட்டில் யாரும் நல்ல பழம் சாப்பிட்டதே இல்லை. அப்படிப்பட்டவர் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபிறகு முதல் இரண்டு வாரம் என் சமையலறையை அடுக்கினார், மூன்றாவது வாரம் நான் சண்டை போட்டேன், அதற்கப்புறம் படுத்துவிட்டார். சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். காய்ச்சல் இல்லை, வலி இல்லை, டாக்டர் ஏதாவது வேலை கொடுங்க அவருக்கு என்றார். மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தால் வாங்கிக் கொடுத்திருப்பேன், வேலையை எந்தக் கடையில் வாங்குவது. சீஸ் செய்கிற எங்கள் பால் பண்ணையில் நான் புதிதாக ஆரம்பித்த சோதனைக்கு ஒரு ஆள் தேவைப்பட்டபோது, முதலாளியம்மாவிடம் கேட்டு அவரைக் கூட்டிப் போனேன். குளிர் அறையில் மங்கிக் குல்லாவும் ஸ்வெட்டருமாக நின்றுகொண்டு, சீஸ் கட்டிகளைத் தட்டில் நேர்கோட்டில் அடுக்கினதும் அவர் முகம் மாறியதை நீ பார்த்திருக்க வேண்டும். அன்றைக்கு ராத்திரி மறுசோறு கேட்டார்.

சோதனை என்ன என்று சொல்லாவிட்டால் மற்றது விளங்காது, சுருக்கமாகச் சொல்கிறேன், கொட்டாவி விடாதே. இதுவரை எங்கள் சீஸில் பூஞ்சணம் வராமல் இருக்க ஒரு வெள்ளைப் பொடி தூவிக்கொண்டிருந்தோம். ஒரு பெரிய பள்ளி விடுதிக்காரர்கள், பொடி போடாத சரக்காக இருந்தால் வருஷம் முழுக்க எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். பொடி இல்லாமல் அனுப்பினால் குளிர் அறையிலேயே பத்து நாளில் பச்சை பூக்கும். அதனால் பாலிலேயே இருக்கிற லாக்டிக் அமில பாக்டீரியாவைக் காவலுக்கு வைக்கலாம் என்று நான் சொன்னேன். பாலைப் புளிக்க வைக்கிறதே, அதே கூட்டம்தான். அந்தக் கூட்டத்தில் எல்லாம் ஒரே மாதிரி இல்லை, சிலது சும்மா புளிக்க வைத்துவிட்டுப் போய்விடும், சிலது தான் இருக்கிற இடத்தில் வேறு எதையும் அண்ட விடாது. அமிலத்தைக் கக்கும், கூடவே மற்ற கிருமிகளுக்கு ஆகாத வேறு சிலதையும் கக்கும், இடத்தையும் பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு பண்ணையிலிருந்து வருகிற பாலிலும் எடுத்து வளர்த்துப் பார்த்து, கடைசியில் அப்படி ஒரு முரட்டு ஜாதி கிடைத்தது. அதைக் கொழுப்பு நீக்கிய பாலில் வளர்த்து, உப்புத் தண்ணீரில் கலந்து, துணியால் சீஸ் மேல் தடவ வேண்டும், அவ்வளவுதான். இதை உன் பெரியம்மாவிடம் பெருமையாகச் சொல்லி ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தேன். நர்ஸாக இருந்தவள் அல்லவா, தட்டை ஒரு முழம் தள்ளி வைத்துவிட்டு, வாழ்க்கை பூரா கிருமியைக் கொன்னவ நான், நீ அதை வளர்த்துத் தட்டுல வெச்சு நீட்டுறே என்றாள். நல்ல கிருமி அக்கா என்றேன். நல்லதாவே இருக்கட்டும், அதோட வீட்டுல இருக்கட்டும் என்றாள். இன்றுவரை அந்தத் துண்டைத் தொடவில்லை.

சோதனையில் இரண்டு வரிசை. ஒன்று பாக்டீரியா தடவிய வரிசை, இன்னொன்று ஒன்றுமே தடவாத வெறும் வரிசை. ஒரே நாள் செய்த சீஸ், ஒரே அறை, ஒரே குளிர். வெறும் வரிசை கெட்டுப்போக வேண்டும், தடவியது கெடாமல் இருக்க வேண்டும், அப்போதுதான் காப்பாற்றியது பாக்டீரியாதான் என்று மார்தட்டிச் சொல்ல முடியும். அப்பாவுக்கு வேலை இரண்டு வரிசையையும் தினமும் திருப்பி வைப்பது, தடவிய வரிசைக்கு மட்டும் கிண்ணத்திலிருந்து துணியை நனைத்து மேலே ஒரு இழுப்பு இழுப்பது. வெறும் வரிசையைத் திருப்பலாம், மற்றபடி தொடக் கூடாது. இதை நான் சொன்னபோது அவர் தலையாட்டினார். அவர் தலையாட்டினால் கேட்டுக்கொண்டார் என்று அர்த்தமே தவிர, ஒத்துக்கொண்டார் என்று அர்த்தம் இல்லை. இத்தனை வருஷம் குடித்தனம் நடத்திய எனக்கே அது அப்போது மறந்துவிட்டது.

பத்து நாள் ஆயிற்று, பதினைந்து ஆயிற்று. தடவிய வரிசை பளிச்சென்று இருந்தது. வெறும் வரிசையும் பளிச்சென்று இருந்தது. எனக்கு முதலில் சந்தோஷப்படுவதா வருத்தப்படுவதா என்று தெரியவில்லை. முதலாளியம்மா வந்து இரண்டையும் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கு, தடவினாலும் கெடல தடவாட்டியும் கெடல, அப்புறம் எதுக்கு இவ்வளவு பாடு என்று கேட்டார். நியாயமான கேள்வி. உங்க கிருமி ஒண்ணும் பண்ணல, இந்தத் தடவை குளிர் நல்லா இருந்திருக்கு, அவ்வளவுதான், பேசாம பொடிக்கே போயிடலாம் என்றார். பால் வண்டி டிரைவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார், அவர் ரகசியம் பேசினாலே அடுத்த தெருவுக்குக் கேட்கும் என்பதால் அவரை ஹாரன் என்றுதான் எல்லோரும் கூப்பிடுகிறோம். அவரும் தன் பங்குக்கு, மேடம் கிருமி லீவுல போயிருக்கும் என்றார். பண்ணை முழுக்கக் கேட்டது. எனக்கு ஆத்திரம் வந்தாலும் எதையும் காட்டிக்கொள்ளாமல், வெறும் வரிசையில் ஒரு கட்டியின் மேல்புறத்தைச் சுரண்டி எடுத்து, கண்ணாடித் தட்டில் பரப்பி, சூட்டுப் பெட்டிக்குள் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். தட்டில் என்ன முளைக்கிறதோ அதுதான் அந்தக் கட்டியின் மேல் குடியிருப்பது. இரண்டு நாள் கழித்துத் திறந்து பார்த்தால், வெள்ளை வெள்ளையாகப் பொட்டுப் பொட்டாக, என் பாக்டீரியாவேதான். மைக்ரோஸ்கோப்பில் வைத்தாலும் அதே சங்கிலி, அதே இரட்டை இரட்டையான உருவம். கடைசி வரை விடாமல் எல்லாச் சோதனையும் செய்து பார்த்தேன், சந்தேகமே இல்லை. தடவாத வரிசையில் அது குடியேறியிருக்கிறது. காற்றில் பறந்து போயிருக்குமோ, தண்ணீரில் கலந்திருக்குமோ, என் கையிலேயே ஒட்டிக்கொண்டு போயிருக்குமோ என்று என்னென்னவோ யோசித்தேன். வீட்டுக்காரரைத் தவிர எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன்.

மறுநாள் மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். நான் சாவியை மறந்து வைத்துவிட்டதால் திரும்பி வந்தேன். குளிர் அறைக் கதவில் இருக்கிற சின்னக் கண்ணாடி வழியாகப் பார்த்தால், அப்பா வெறும் வரிசை முன்னால் நின்றுகொண்டிருக்கிறார். இடது கையில் கிண்ணம், வலது கையில் துணி. ஒவ்வொரு கட்டியாக எடுத்து, மேலே கீழே நாலு பக்கமும், மூலை மூலையாக, குழந்தைக்கு முகம் துடைக்கிற மாதிரி துடைக்கிறார். துடைத்துவிட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார். வாய் ஏதோ முணுமுணுக்கிறது. நான் கதவைத் திறந்தேன். அவர் திடுக்கிடவும் இல்லை, கிண்ணத்தை ஒளிக்கவும் இல்லை. ஏன் இப்படிச் செஞ்சீங்க என்று கேட்டேன். முதல் வாரமே ஒரு மூலைல பச்சையா ஒரு புள்ளி வந்துச்சு, துடைச்சேன், போயிடுச்சு என்றார். தொடக் கூடாதுன்னு சொன்னேனே என்றேன். கிண்ணத்தை மெதுவாகத் தட்டில் வைத்தார். மருந்து பக்கத்துலயே இருக்கு, ஒரு வரிசைக்குப் போட்டுட்டு இன்னொரு வரிசையை நான் தினம் வந்து கெடுதா கெடுதான்னு பார்க்கணுமா, இது மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு, தெரிஞ்சே கெட விடறதுக்குப் பேர்தான் சோதனையா என்று கேட்டார்.  நான் படித்த படிப்பில் அதற்குப் பதில் இருக்கிறது, ஒரு வரிசை கெட்டால்தான் பின்னால் ஆயிரம் வரிசை பிழைக்கும் என்று சொல்லலாம், சொன்னேன். அவர் அதையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். கெட்டுப்போகாமல் பார்த்துக்கொள்வதைத் தவிர வேறு வேலை தெரியாத மனிதரிடம், கெட்டுப்போவதற்கென்றே ஒரு வரிசையைக் கொடுத்து வைத்தது நான்தான், அதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலாளியம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். யார் செய்தது என்று சொல்லாமல் விட்டிருந்தால் சுத்தம் செய்கிற அம்மாள் மேல்தான் பழி விழுந்திருக்கும், அதனால் என் வீட்டுக்காரர்தான் என்றேன். முதலாளியம்மா கோபப்படவில்லை, சிரித்துவிட்டார். அப்போ உங்க கிருமி வேலை செய்யுது, உங்க வீட்டுக்காரர்தான் அதைவிட ஜாஸ்தி வேலை செய்யறார் என்றார். இன்னொரு தடவை செய்து காட்டுங்கள், ஆனால் அறையைப் பூட்டி சாவியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், சாரை வீட்டில் ஓய்வெடுக்கச் சொல்லுங்கள் என்றார். ஓய்வு என்கிற வார்த்தை அந்த அம்மாவுக்குச் சாதாரணமாக வந்துவிட்டது. அது திங்கட்கிழமை. அதே வாரம் வியாழக்கிழமை நீ போன் செய்து கை வைக்காதீங்க என்று சொன்னாய். ஒரே வாரத்தில் இரண்டு இடத்தில் அவரிடம் கையை எடுக்கச் சொன்னோம், ஒன்று நான், இன்னொன்று நீ. இரண்டு பேர் சொன்னதும் சரிதான். போனை வைத்தபிறகு கையைக் கொஞ்ச நேரம் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், அப்புறம் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். அதற்குப் பிறகுதான் போன் மணி அடித்தால் செய்தித்தாளைத் தேட ஆரம்பித்தார். கோபம் இல்லை கண்ணு. ஒருநாள் நான் வற்புறுத்தினபோது, பேசினா ஏதாவது யோசனை சொல்லிடுவேன், வாய் நிக்காது, அதான் பேசல என்றார்.

இரண்டாவது சோதனை தொடங்கினபோது முதலாளியம்மாவிடம் போய், எனக்குத் தோள்பட்டை வலி, கட்டிகளைத் திருப்ப முடியவில்லை, அவரையே கூப்பிட்டுக்கொள்கிறேன், இந்தத் தடவை நான் பொறுப்பு என்றேன். என் தோள்பட்டைக்கு ஒன்றும் இல்லை. அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு காபி குடிக்க என்னால் முடியவில்லை, அவ்வளவுதான். அப்பா முதலில் வர மாட்டேன் என்றார், நான் வந்தா கை சும்மா இருக்காது என்றார். இருக்கணும், அதுதான் இந்தத் தடவை வேலை என்றேன். காலையில் நான் பூட்டைத் திறந்து விடுவேன், அவர் புதுக் கையுறை போட்டுக்கொண்டு முதலில் வெறும் வரிசையைத் திருப்புவார், அப்புறம் கையுறையை மாற்றிக்கொண்டு தடவிய வரிசை, துணியும் கிண்ணமும் என் கையில். வெறும் வரிசை முன்னால் நிற்கும்போது ஒரு கையால்தான் திருப்புவார், இன்னொரு கை முதுகுக்குப் பின்னால் சட்டையைப் பிடித்துக்கொண்டிருக்கும். இரண்டாவது வாரத் தொடக்கத்தில் ஒருநாள் சாயங்காலம் சாப்பிடும்போது, வந்துடுச்சு என்றார். என்ன என்று நான் கேட்கவில்லை. அடுத்தடுத்த நாட்களில் புள்ளி பெரிதாயிற்று, ஒரு கட்டியிலிருந்து பக்கத்துக் கட்டிக்குப் போயிற்று, பச்சையும் கறுப்புமாக முடி முளைத்தது, அடியில் கொழகொழவென்று ஆகி நாற ஆரம்பித்தது. அவர் ஒரு நாள்கூடத் தவறாமல் வந்து, ஒன்று விடாமல் திருப்பி வைத்து, கதவைச் சாத்திவிட்டு, பால் கேன் கழுவுகிற இடத்தில் போய்ச் சும்மா நிற்பார். ஹாரன் அதைப் பார்த்துவிட்டு, என்ன சார் யாராவது செத்துட்டாங்களா என்று கேட்டாராம். இன்னும் சாகல, அதான் கஷ்டமா இருக்கு என்று அப்பா சொன்னாராம். 

முந்தாநாள் முடிவு பார்த்தோம். தடவிய வரிசையில் ஒரு புள்ளிகூட இல்லை, வெட்டினால் வெண்மையாக, நல்ல வாசனையாக இருந்தது. வெறும் வரிசையை அறையை விட்டு வெளியே எடுத்ததும் இரண்டு பேர் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். இதைவிடத் தெளிவாக ஒரு சோதனை அமையாது. விடுதிக்காரர்களுக்கு உடனே போன் போனது, வருகிற மாதத்திலிருந்து பொடி கிடையாது, என் பாக்டீரியாதான் காவல். நான் இதற்காக எத்தனை நாள் அலைந்தேன் என்று உனக்குத் தெரியும், சந்தோஷமாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். முதலாளியம்மா எல்லோருக்கும் முன்னால் அப்பாவைக் கூப்பிட்டு, சார், நீங்க கை வைக்காம இருந்ததாலதான் இந்தத் தடவை ஜெயிச்சோம் என்று பாராட்டினார். எல்லோரும் கை தட்டினார்கள். அப்பாவும் சிரித்தார். வீட்டுக்கு வந்து கை கழுவப் போனவர் வெகுநேரம் வரவில்லை. போய்ப் பார்த்தேன், குழாயைத் திறந்துவிட்டுக் கையைத் தண்ணீரில் காட்டிக்கொண்டு நிற்கிறார். என்னைத் திரும்பிப் பார்க்காமலே, அப்போ இனிமே கை வைக்காம இருக்கறதுதான் என் வேலையா என்று கேட்டார்.

எனக்குச் சட்டென்று அழுகை வந்துவிட்டது, சொல்வதற்கென்ன. நான் சுலபத்தில் அழுகிறவள் இல்லை, உன்னை விமானத்தில் ஏற்றிவிட்ட அன்றைக்குக்கூட டிராலியைத் திருப்பி வைக்கிற இடம் எங்கே என்றுதான் தேடிக்கொண்டிருந்தேன். குழாயை மூடிவிட்டுச் சொன்னேன், நீங்க கை வைக்கல, சரி, ஆனா ஒரு நாள்கூடப் போகாம இருக்கலையே, நாத்தம் தாங்காம எல்லாரும் ஓடின இடத்துல தினமும் போய் நின்னு ஒவ்வொண்ணா பார்த்தது நீங்க ஒருத்தர்தானே என்றேன். பார்த்து என்ன, அதுபாட்டுக்குக் கெட்டுச்சு என்றார். கெட்டதை ஒருத்தர் பக்கத்துல நின்னு பார்த்தாரு, அதுவும் ஒரு வேலைதான் என்றேன். எனக்கே அது சரியான பதிலா என்று தெரியவில்லை, அந்த நேரத்துக்கு வந்ததைச் சொன்னேன். அவர் துண்டை எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைத்துக்கொண்டார். அப்புறம் கேட்டார், நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன், யாரையும் கூப்பிட மாட்டேன், என்னை அவ பார்க்க மட்டும் விடுவாளா என்று.

அவர் கேட்டது உன்னைப் பற்றித்தான். அதற்குப் பதில் உன்னிடம்தான் இருக்கிறது. நீ வேண்டாம் என்றால் வேண்டாம்தான், அதற்காக உன்னைக் குறை சொல்ல மாட்டேன், அவரிடமும் நானே சொல்லிக்கொள்கிறேன். இப்போதைக்கு நான் கேட்பது சின்ன விஷயம். ஞாயிற்றுக்கிழமை உனக்கு வேலை இல்லாத நேரமாகப் பார்த்து நீயே கூப்பிடு, அப்பா எடுப்பார், எடுக்க வைப்பது என் பொறுப்பு. அவர் அதிகம் பேச மாட்டார். சாப்பிட்டியா என்று கேட்பார், அறைக்கு வெயில் வருதா என்று கேட்பார், மாப்பிள்ளை பேச்சை எடுக்க மாட்டார், எடுத்தால் நான் பக்கத்தில்தான் இருப்பேன்.

மற்றபடி இங்கே எல்லாம் வழக்கம்போல்தான். உன் பெரியம்மாவுக்கு முழங்கால் வலி, ஆனால் வாய்க்கு ஒரு வலியும் இல்லை. மாடி வீட்டுக்காரர்கள் காலி செய்துவிட்டார்கள், புதிதாக வந்திருப்பவர்கள் நாற்காலியை இழுத்து இழுத்துத்தான் உட்காருவார்கள் போலிருக்கிறது. உன் அறைச் சுவரில் ஈரம் இருக்கிறது என்று சொன்னாயே, படுக்கையைச் சுவரை ஒட்டிப் போடாதே, ஒரு சாண் தள்ளிப் போடு, ஜன்னலைப் பகலில் கொஞ்ச நேரமாவது திறந்து வை. இரண்டு ஷிஃப்டுக்கும் நடுவில் வெறும் காபியைக் குடித்துவிட்டு ஓடாதே. பாலை மிச்சம் வைத்தால் காய்ச்சி ஆற வைத்து மூடி வை, அங்கே இருக்கிற கிருமி எந்த ஜாதி என்று எனக்குத் தெரியாது.

உனக்கு எந்தக் குறையும் வராமல், வந்தாலும் அதைத் தாங்குகிற மனசோடு, நீ நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும் என்று நாங்கள் இரண்டு பேரும் ஆசீர்வாதம் செய்கிறோம். ஞாயிற்றுக்கிழமையை மறக்காதே. அப்பா எப்படி இருக்கே என்று கேட்டால், நல்லா இருக்கேன்ப்பா என்று மட்டும் சொல்லி வைத்துவிடாதே. அன்றைக்கு நீ எப்படி இருக்கிறாயோ அதைச் சொல். கெட்டுப்போயிருந்தால் கெட்டுப்போயிருக்கிறது என்றே சொல். அவரால் இப்போது கேட்டுக்கொண்டு நிற்க முடியும்.

இப்படிக்கு,
உன் அம்மா